உதவிக்கோப்பும் தமிழ்ச் சொல்லடைவும்

கணிப்பொறி மென்பொருளோடு, அதனை ஆளும் முறையை விளக்கும் உதவிக்கோப்பு ஒன்றும் சேர்ந்து வருதல் 1990 ஆம் ஆண்டிற்குப் பின்னர்ப் பெருவழக்காயிற்று. அச்சிட்ட கையேட்டின் இடத்தைப் பெற்ற இக்கோப்பினைத் திறந்தால், திரையின் இடப்பக்கத்தே பொருளடக்கமும் சொல்லடைவும், வலப்பக்கத்தே விளக்கவுரையும் தோன்றும். இடப்பக்கத்துச் சொல்லைத் தொட்டால் வலப்பக்கத்தே அதற்குரிய பக்கம் விரியும். இத்தகைய கோப்புகளுள் மிகப் பரவியவை மைக்ரோசாப்ட் நிறுவனம் அடுத்தடுத்து வெளியிட்ட இரண்டு வடிவங்களாகும். 1990 இல் தோன்றிய எச்.எல்.பி. வடிவம் ஒன்று, 1997 இல் தோன்றிய சி.எச்.எம். வடிவம் மற்றொன்று. இரண்டும் தனியுடைமை வடிவங்கள். அஃதாவது, அவற்றின் உட்கட்டு முழுவதையும் பிறர் அறியுமாறு அந்நிறுவனம் வெளியிடவில்லை.

தமிழாராய்ச்சி இதழில் இப்பொருட்கு இடம் யாது எனச் சிலர் வினவக்கூடும். மென்பொருள் விளக்கம் எழுதுதற்கென வகுக்கப்பெற்றவையாயினும் இவ்வடிவங்கள் அத்துடன் நின்றுவிடவில்லை. அகராதிகளும், கலைச்சொல் தொகுதிகளும், முழு நூல்களும் இவற்றில் இட்டுப் பரப்பப்பெற்றன. பொருளடக்கமும் சொல்லடைவும் தேடற்கருவியும் உடைய நூலொன்றை ஒரே கோப்பாக்கிக் கையில் தரும் எளிய வழிகள் அக்காலத்தே மிகச் சிலவே இருந்தன. ஆதலின், இவ்வடிவம் எம்மொழிச் சொற்களைத் தன் சொல்லடைவில் ஏற்றது, எம்மொழிச் சொற்களை ஏலாது விடுத்தது என்னும் வினா, அகராதிக் கலையின் வரலாற்றைச் சார்ந்த வினாவாகவே யாம் கருதுகின்றோம்.

அவ்வினாவை ஆராய்தற்குப் புதுச்சேரியினும் தக்க நிலைக்களன் அரிது. 1954 நவம்பர் 1 ஆம் நாள் ஆட்சி கைமாறியது; 1962 ஆகஸ்டு 16 ஆம் நாள் அது சட்டப்படி நிறைவுற்றது. இடையே 1956 இல் கையெழுத்தான உடன்படிக்கை, மக்களின் பேராளர் வேறு முடிவு செய்யுங்காறும் பிரெஞ்சு ஆட்சிமொழியாக நீடிக்கும் என்று வகுத்தது. தமிழ் மக்கள் மொழியாகவும், பிரெஞ்சு பழைய ஆட்சியின் மொழியாகவும், ஆங்கிலம் புதிய அலுவல் மொழியாகவும் ஒரு நகரில் அருகருகே வாழ்கின்றன. மூன்று மொழிச் சொற்களும் ஒரே அடைவில் நிற்க வேண்டிய தேவை இந்நகரில் நெடுங்காலமாகவே உண்டு.

அச்சில் வந்த மும்மொழி அடைவு

தமிழில் சொற்களை அகர வரிசையில் நிரல்படுத்தும் முயற்சி 1594 இல் சிதம்பரம் ரேவண சித்தர் இயற்றிய அகராதி நிகண்டில் தெளிவுறக் காணப்படுகின்றது. 1732 இல் வீரமாமுனிவர் இயற்றிய சதுரகராதி அதனை மேலும் செப்பஞ்செய்தது. பாவாற் பாடிய நிகண்டினை மனனஞ்செய்து பொருள்காணும் மரபிலிருந்து, வேண்டிய சொல்லை வேண்டியபோது தேடி எடுக்கும் மரபுக்குத் தமிழ் மாறிய வரலாறு இவ்விரு நூல்களின் இடையே அடங்கியுள்ளது.

புதுச்சேரியின் பங்கு இதன்பின் தொடங்குகின்றது. அங்குள்ள பிரெஞ்சு மறைப்பணியாளர் அச்சகத்தில் 1846 இல் இலத்தீன், பிரெஞ்சு, தமிழ் ஆகிய மூன்று மொழிகளும் அமைந்த அகராதி ஒன்று வெளிவந்தது. அதன்பின் மூசே, துயுபுய் என்னும் இரு குருமார் தொகுத்த தமிழ்–பிரெஞ்சு அகராதி 1855 இலும் 1862 இலும் இரண்டு தொகுதிகளாக அச்சேறியது. ஆசிரியர் தம் பெயரை முகப்பில் இடாது 'மறைப்பணியாளர் இருவர்' என்று மட்டும் குறித்துக்கொண்டனர். 1895 இல் அது மறுபதிப்பும் கண்டது.

இவ்வகராதியில் தலைச்சொல் தமிழ், விளக்கம் பிரெஞ்சு. அச்சுக்கோப்பவர் தமிழ் எழுத்துக்கு ஒரு கேசும் பிரெஞ்சு எழுத்துக்கு ஒரு கேசும் முன்னே வைத்துக்கொண்டு, இரண்டினின்றும் எழுத்துகளை எடுத்து ஒரே வரியில் கோத்தார். ஈய எழுத்துக்கு மொழி வேற்றுமை இல்லை. உயரம் ஒன்றாயிருந்தால் அஃது எவ்வெழுத்தின் அருகினும் நிற்கும். தமிழ்ச் சொற்களை எவ்வரிசையில் நிறுத்துவது என்பதை அகராதி ஆசிரியரே முடிவு செய்தார். அச்சுப் பொறிக்கு அதில் வேலை இல்லை. இது நினைவிற்கொள்ளத்தக்கது. கணிப்பொறிக் காலத்தில் தலைகீழாக மாறியது இந்நிலையேயாகும்.

எச்.எல்.பி. வடிவம்

1990 மே மாதம் விண்டோசு 3.0 வெளிவந்தபோது எச்.எல்.பி. உதவிக்கோப்பும் உடன்வந்தது. அதனை எழுதும் முறை விந்தையானது. ஆசிரியர் சொற்செயலியில் உரையை எழுதுவார். பக்கந்தோறும் அடிக்குறிப்புகள் இடுவார். அடிக்குறிப்பின் குறி, எண்ணைச் சுட்டப் பயன்படும் கட்டக்குறியாயின் அது பக்கத்தின் அடையாளப் பெயர். டாலர் குறியாயின் பக்கத் தலைப்பு. 'கே' என்னும் ஆங்கில எழுத்தாயின் சொல்லடைவுக்குரிய சொல். இவ்வாறு எழுதியதை ஒரு தொகுப்பி மென்பொருள் இறுக்கிச் சுருக்கி ஒரே கோப்பாக்கித் தரும். அடிக்குறிப்பினை இங்ஙனம் பயன்படுத்தலாம் என்று கண்டவர் ஆராய்ச்சியாளராய் இருந்திரார்; அடிக்குறிப்பின் இயல்பான வேலையை அது பறித்துக்கொண்டது!

தொகுத்து முடிந்த கோப்பினுள்ளே உரை ஒரு பகுதியாகவும், எழுத்துரு விவரம் ஒரு பகுதியாகவும், சொல்லடைவும் தலைப்புகளும் கிளைமர அமைப்பில் வேறு பகுதிகளாகவும் கிடக்கும். பலமுறை வரும் சொற்றொடர்கள் ஒரு பட்டியலில் ஒருமுறை எழுதப்பெற்று, உரையில் அவற்றின் எண் மட்டும் நிற்கும். வட்டில் இடம் அரிதாயிருந்த அந்நாளில் இது நல்ல சிக்கனமே. ஆயினும், அக்கோப்பினை நேரே திறந்து படிப்பார்க்கு ஒரு சொல்லும் விளங்காது. அதனை விரித்துக்காட்ட அந்நிறுவனத்தின் காட்டியே வேண்டும்.

இப்பூட்டைத் திறக்க முயன்றோர் வெளியாரே. பீட் டேவிசு என்பார் 1993 இல் ஓர் அமெரிக்க நிரலாக்க இதழில் இக்கோப்பின் உட்கட்டை ஆராய்ந்து எழுதினார். மான்பிரெட் வின்டர்ஹாப் என்பார் அதனை மேலும் விரிவாக ஆராய்ந்து, தொகுத்த கோப்பினை மீண்டும் எழுத்துவடிவாக்கித் தரும் கருவியையும் இயற்றினார். இவர்தம் உழைப்பு, எழுத்து மறந்துபோன கல்வெட்டினை எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்தாரின் உழைப்பை ஒத்தது. வேற்றுமை என்னையெனின், கல்வெட்டினை எழுதியவர் மறைந்தனர். கோப்பின் வடிவத்தை வகுத்தவரோ உயிருடன் இருந்தும் உரைத்திலர்.

2007 சனவரித் திங்களில் பொதுமக்களுக்கு வெளிவந்த விண்டோசு விசுடாவில் எச்.எல்.பி. காட்டி சேர்க்கப்பெறவில்லை, வேண்டுவோர் தனியே பெற்று நிறுவிக்கொள்ள நேர்ந்தது. 2015 இல் வந்த விண்டோசு 10 இல் அவ்வழியும் அடைபட்டது. வடிவம் பிறந்து 25 ஆண்டு நிறைந்த அளவிலேயே அதனைப் படிக்கும் வாயில் சாத்தப்பட்டமை காண்க.

சி.எச்.எம். வடிவமும் அதன் அமைப்பும்

1997 இல் வந்த சி.எச்.எம். வடிவம் முன்னையதினும் திறந்த மனத்தோடு தொடங்கியது எனலாம். உரைப்பக்கங்கள் இணையத்தில் வழங்கும் எச்.டி.எம்.எல். பக்கங்களே, அம்மொழி பொதுவுடைமை, யாரும் கற்றெழுதலாம். இப்பக்கங்களோடு மூன்று சிறு கோப்புகளை ஆசிரியர் ஆக்கித் தருதல் வேண்டும். எப்பக்கங்கள் சேரும், எம்மொழி என்று கூறுவது ஒன்று, பொருளடக்கம் ஒன்று, சொல்லடைவு ஒன்று. இம்மூன்றும் எளிய எழுத்துக் கோப்புகளே. தொகுப்பி இவை எல்லாவற்றையும் திரட்டி, எல்.சி.எக்சு. என்னும் சுருக்க முறையால் இறுக்கி, ஒரே கோப்பாகக் கட்டும். கட்டிய கோப்பின் முதல் நான்கு எழுத்துகள் 'ஐ.டி.எசு.எப்.' என்று இருத்தலால், வல்லார் அதனை முகப்பிலேயே அடையாளம் காண்பர்.

இதன் நலன்களைக் குறைத்துக் கூறுதல் முறையன்று. நூற்றுக்கணக்கான பக்கங்களும் படங்களும் ஒரு கோப்பில் அடங்கின. இணையத் தொடர்பு அரிதாயிருந்த நாளில், நெகிழ்வட்டிலோ குறுந்தட்டிலோ எடுத்துச்சென்று எங்கும் படிக்க முடிந்தது. பக்கம் சிதறாது, படம் தொலையாது. சுவடிக்குக் கயிறும் கட்டைச் சட்டமும் எவ்வாறோ அவ்வாறே பக்கங்களை ஒருசேரக் காத்தது. பல நூல்களும் தொகுதிகளும் இவ்வடிவில் உலவியதற்குக் காரணம் இதுவே.

குறை கயிற்றில் இல்லை, முகப்பேட்டில் இருந்தது.

குறியீட்டுப் பக்கம்

உரைப்பக்கம் எச்.டி.எம்.எல். ஆதலின் அதில் ஒருங்குறியைக் கையாளலாம். தமிழ் எழுத்துகள் திரையில் செவ்வனே தோன்றும். பொருளடக்கமும் சொல்லடைவும் அவ்வாறல்ல. அவை விண்டோசின் பழைய குறியீட்டுப் பக்க முறையையே பற்றி நின்றன. குறியீட்டுப் பக்கம் என்பது ஒரு மொழிக்கோ மொழிக் குழுவுக்கோ வகுத்த எழுத்து அட்டவணை. மேலை ஐரோப்பிய மொழிகளுக்கு 1252 என்னும் எண்ணுடைய பக்கம்; தாய்லாந்து மொழிக்கு 874; சப்பானிய மொழிக்கு 932. தமிழுக்கு எண் இல்லை. 1991 இல் இந்தியத் தர நிறுவனம் இந்திய மொழிகளுக்கு வகுத்த குறியீட்டினை விண்டோசு தன் இயங்குதளப் பக்கமாக ஏற்கவில்லை. 2000 ஆம் ஆண்டு வந்த விண்டோசு 2000 தமிழைத் தாங்கியது உண்மை. ஆனால் ஒருங்குறி வழியாக மட்டுமே தாங்கியது. ஒருங்குறியை அறியாத பொருளடக்கத்துக்கும் சொல்லடைவுக்கும் அத்தாங்குதலால் விளைந்த பயன் ஒன்றுமில்லை.

ஒரு சான்று கொள்வோம். புதுச்சேரிப் பள்ளிகளுக்கென ஒருவர் மும்மொழிச் சொல்லடைவு ஒன்றை இவ்வடிவில் ஆக்கப் புகுகின்றார் எனக் கருதுக. பள்ளியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் 'எக்கோல்'. அதன் முதலெழுத்து மேலே சாய்கோடு இட்ட எகரம். 1252 ஆம் பக்கத்தில் அதற்கு 233 என்னும் இடம் உண்டு. எனவே அச்சொல் சொல்லடைவில் கோடும் சிதையாது நிற்கும். ஆங்கிலச் சொல்லுக்கோ இடர் ஏதும் இல்லை. தமிழ்ப் 'பள்ளி'யின் முதலெழுத்தாகிய பகரத்திற்கு ஒருங்குறியில் இடம் 2986. குறியீட்டுப் பக்கத்தில் உள்ள இடங்களோ 256. ஏலாத எழுத்தைக் கண்ட மென்பொருள் அவ்விடத்தே ஒரு கேள்விக்குறியை எழுதிவிடும். 'பள்ளி' நமக்கு மூன்றெழுத்துச் சொல். பொறிக்கு அது பகரம், ளகரம், புள்ளி, ளகரம், இகரக்குறி என ஐந்து குறியீடு. எனவே சொல்லடைவில் ஐந்து கேள்விக்குறிகள் நிற்கும். 'கல்வி'யும் அவ்வாறே ஐந்து குறியீடு உடையதாதலின் அதுவும் ஐந்து கேள்விக்குறிகளாகும். பள்ளியும் கல்வியும் வேற்றுமையின்றி ஒன்றாயின! 1862 இல் புதுச்சேரி அச்சகத்தில் ஈய எழுத்தால் எளிதின் முடிந்த செயல், 1997 இன் கோப்பில் முடியாதாயிற்று.

சிதைவு மற்றொரு வகையானும் நேரும். சொல்லடைவினை ஒருங்குறியின் எட்டுத்துணுக்கு வடிவில் எழுதித் தொகுப்பிக்கு அளித்தால், ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டுகளாகப் பிரிந்து, ஒவ்வொரு பைட்டும் ஓர் ஐரோப்பிய எழுத்தாகக் காட்டப்பெறும். அப்போது உயிரெழுத்தும் மெய்யெழுத்தும் வருமிடமெல்லாம் இரண்டாவதாகத் தோன்றுவது, வட்டத்துள் 'ஆர்' என்னும் எழுத்தை உடைய வணிகப் பதிவுக் குறி. தனியுடைமைக் கோப்பினுள் தமிழ் எழுத்துதோறும் வணிகப் பதிவுக் குறி அமர்ந்திருத்தல் தற்செயலேயாயினும் நகைக்கு இடமாகின்றது.

இவ்விரு சிதைவுகளையும் வேறுபிரித்து அறிதல் ஆராய்ச்சியாளர்க்கு இன்றியமையாதது. கேள்விக்குறிச் சிதைவு செல்லரித்த ஏட்டினை ஒக்கும். அங்கே எழுத்து அழிந்தது, மீளாது. மற்றையது எழுத்து மயங்கிய ஏட்டினை ஒக்கும். பைட்டுகள் அழியாது கிடத்தலின், முறையறிந்து படித்தால் தமிழ் மீளும். பார்வைக்கு இரண்டும் ஒருங்கே குப்பையாய்த் தோன்றுதலால், மீட்கத்தக்கதையும் எறிந்துவிடுவார் உளர்.

எட்டுத்துணுக்கு எழுத்துருக்களால் விளைந்தது

தமிழர் இதனைக் கண்டு வாளா இருந்தாரல்லர். ஐரோப்பிய எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைப் பொதிந்து வைக்கும் எட்டுத்துணுக்கு எழுத்துருக்கள் 1990 களில் பலவாகத் தோன்றின. 1999 பிப்ரவரியில் சென்னையில் நிகழ்ந்த தமிழிணையம் மாநாட்டின் பயனாகத் தாப், தாம் என்னும் குறியேற்றங்கள் தரம் பெற்றன. இணைய மடலாடற் குழுக்களில் தசுக்கி என்னும் குறியேற்றம் வழங்கியது. இத்தகைய எழுத்துருவைச் சொல்லடைவுக்கும் பொருளடக்கத்துக்கும் உரிய எழுத்துருவாகக் குறித்துவிட்டால், திரையில் தமிழ் தோன்றிவிடும். பொறியோ, தான் காட்டுவது தமிழ் என்று அறியாது. ஐரோப்பிய எழுத்துக் கோவை என்றே எண்ணும்.

கண்ணுக்கு இது நிறைவளித்தது. அகர வரிசைக்கு அளிக்கவில்லை. சொற்களை வரிசைப்படுத்தும் பொறுப்பைத் தொகுப்பி ஏற்றுக்கொண்டால், அது தான் அறிந்த ஐரோப்பிய எழுத்து வரிசையிலேயே நிறுத்தும்; அதற்கும் தமிழ் நெடுங்கணக்கிற்கும் தொடர்பில்லை. மேலும், இக்குறியேற்றங்கள் எழுத்தினைக் கண்ணாற் காணும் முறையில் இடமிருந்து வலமாகப் பதிந்து வைத்தன. 'கொடி' என்னும் சொல்லில் முதற்கண் பதிவது ககரமன்று, ஒற்றைக்கொம்பு. அதன்பின் ககரம், அதன்பின் கால். ஆதலின் 'கல்', 'காடு', 'கிளி' ஆகியன ஓரிடத்தும், 'கெடுதி', 'கொடி' ஆகியன ஒற்றைக்கொம்பில் தொடங்கும் வேறு சொற்களோடு மற்றோரிடத்தும் சென்று சேரும். 'செடி'யும் 'தொடை'யும் 'கொடி'க்கு அண்டை வீட்டாராவர். ரேவண சித்தர் காலந்தொட்டுப் பேணிய ஒழுங்கு இங்ஙனம் குலைந்தது.

நெடுங்கணக்கு வரிசை எழுத்தின் வடிவால் அமைந்ததன்று. ஒலியின் பிறப்பும் முறையும் நோக்கி அமைந்தது. வடிவைப் பதிந்து ஒலியை மறந்த குறியேற்றத்தில் அகராதி நில்லாது என்பது தமிழ் இலக்கணம் கற்றார்க்குப் புதிதன்று. ஆயினும் அக்காலத்துத் தமிழ் மென்பொருள் முயற்சிகளுட் பல, எழுத்துத் திரையில் தோன்றினாற் போதும் என்று அமைந்துவிட்டன. இக்குறையின் ஒரு பாதி நிறுவனத்தைச் சாரும். மறுபாதி தமிழ்த்துறைகளையே சாரும் என்பது எம் கருத்து. வரிசையும் அடைவும் எம் துறைக்குரிய பொருள்கள். அவற்றை வேண்டும் என்று கேட்டிருக்க வேண்டியவர் யாமே.

கணினித் தேவாரம்

எச்.எல்.பி. காட்டி நீக்கப்பெற்ற அதே 2007 ஆம் ஆண்டில், புதுச்சேரியினின்றும் வேறொரு வெளியீடு வந்தது. அதனை விளக்குமுன் அதன் பிறப்பிடத்தை நோக்குதல் வேண்டும். புதுச்சேரிப் பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனம் 1955 இல் சான் பிலியோசா என்னும் அறிஞரின் தலைமையில் தொடங்கப்பெற்றது. தென்னாட்டுக் கோயில்களிலும் இல்லங்களிலும் இருந்த சைவச் சுவடிகளை அது திரட்டியது. ஓலையிலுள்ளவற்றைத் தாளிற் படியெடுக்கவும் செய்தது. கிரந்த எழுத்தில் அமைந்த ஏடுகளை நாகரி எழுத்தில் பெயர்த்தெழுதிய தாட்படிகள் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்டன. அந்நிறுவனமும், தூரகிழக்குப் பிரெஞ்சு ஆய்வுப் பள்ளியின் புதுச்சேரி நடுவமும் காத்துவரும் சைவச் சுவடிகள் ஏறத்தாழ 11,000. 2005 இல் யுனெசுகோ அவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

தேவார ஆராய்ச்சி அங்கே நெடிது நடந்தது. தி. வே. கோபாலையர் பதிப்பித்த தேவாரத் தொகுதிகள் 1984, 1985, 1991 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தன. பிரான்சுவா குரோ அப்பணியில் உடன் நின்றார். வி. மு. சுப்பிரமணிய ஐயர் தேவாரம் முழுமைக்கும் ஆங்கில உரை வரைந்து வைத்திருந்தார். அவ்வுரையையும் மூலத்தையும், மூலத்திற்குரிய முழுத் தொடரடைவையும் ஒருங்கிணைத்து, சான்-லுய்க் செவியாரும் எசு. ஏ. எசு. சர்மாவும் 2007 இல் 'கணினித் தேவாரம்' என்னும் குறுந்தட்டினை ஆக்கினர். நிறுவனத்தின் இந்தியவியல் வரிசையில் அது 103 ஆவது வெளியீடு. கோபாலையர் மறைந்ததும் அவ்வாண்டிலேயே.

ஏறக்குறைய 800 பதிகங்கள் கொண்ட ஏழு திருமுறைகளும் அக்குறுந்தட்டில் எச்.டி.எம்.எல். பக்கங்களாக அமைந்துள்ளன. பதிகத்திற்கு உரிய பக்கம் தனிக்கோப்பு. தமிழ் மூலம் ஒருங்குறியில் உள்ளது. தொகுப்பி கொண்டு இறுக்கிய கட்டு இல்லை. தனிக் காட்டி வேண்டா. எக்கணிப்பொறியிலும் எந்த உலாவியிலும் முகப்புப் பக்கத்தைத் திறந்தாற் போதும். தொடரடைவும் பக்கங்களாகவே அமைந்தமையின், சொல்லடைவினை ஏற்பதும் மறுப்பதும் வேறொரு நிறுவனத்தின் மென்பொருளைச் சார்ந்திருக்கவில்லை. தமிழ்ச் சொல் தலைச்சொல்லாகத் தமிழ் எழுத்திலேயே நிற்கின்றது.

குறுந்தட்டு என்னும் பொருளே இன்று வழக்கொழிந்து வருகின்றது. புதிய மடிக்கணிப்பொறிகளுட் பலவற்றில் அதனை இடும் அறையும் இல்லை. ஆயினும் அத்தட்டின் உள்ளுறை அதனோடு ஒழியவில்லை. அப்பக்கங்கள் அவ்வாறே இணையத்தில் ஏற்றப்பெற்றுத் தேவார ஆராய்ச்சியாளர்க்குப் பயன்பட்டன. ஓலையினின்று தாளுக்கு எழுத்து பெயர்த்ததைப் போன்ற கடும் உழைப்பு இதற்கு வேண்டியிருக்கவில்லை, படியெடுத்தலே போதுமாயிற்று.

ஒப்புநோக்கில் ஒன்று கூறுதல் நேர்மை. சிதறிய பக்கங்களாக வழங்கும் நூலுக்கு, ஒரே கோப்பாகக் கட்டிய நூலின் எளிமை இல்லை. அகப்பக்கம் ஒன்று விடுபட்டுப் போனாலும் படிப்பவர் அறியார். தேடற்கருவியும் தனியே வாராது. சி.எச்.எம். வடிவம் தந்த வசதிகளை இவ்வமைப்பு முழுதும் தருகின்றது என்று யாம் கூறவில்லை. தமிழுக்குச் சொல்லடைவினைத் தந்தது, தொடர்ந்து படிக்கவும் இடந்தந்தது என்றே கூறுகின்றோம்.

எஞ்சிய கோப்புகளை மீட்கும் முறை

துறைகளிலும் நூலகங்களிலும் பழைய குறுந்தட்டுகளில் கிடக்கும் எச்.எல்.பி., சி.எச்.எம். கோப்புகளை என் செய்வது என்பது அடுத்து எழும் வினா. சி.எச்.எம். காட்டி இன்றைய விண்டோசிலும் உள்ளது. எனினும் 2005 இல் வந்த பாதுகாப்புத் திருத்தத்திற்குப் பின்னர், பிற கணிப்பொறியிலோ வலைப்பின்னலிலோ உள்ள கோப்பினைத் திறந்தால் பொருளடக்கம் மட்டும் தோன்றி உரைப்பக்கம் வெறுமையாய் நிற்பதுண்டு. கோப்பு கெட்டுவிட்டது என்று கருதி அதனை நீக்கிவிடுதல் கூடாது. தன் கணிப்பொறிக்குப் படியெடுத்து, அதன் பண்புகளில் தடை நீக்கினால் உரை தோன்றும்.

அதனினும் நன்று, கட்டினை அவிழ்த்து வைத்தல். செவன்-சிப் என்னும் கட்டற்ற மென்பொருள் சி.எச்.எம். கோப்பினைப் பிரித்து, உள்ளிருக்கும் எச்.டி.எம்.எல். பக்கங்களைத் தொகுக்குமுன் இருந்தவாறே தரும். பெரும்பாலும் பொருளடக்கக் கோப்பும் சொல்லடைவுக் கோப்பும் உடன் கிடைக்கும். எச்.எல்.பி. கோப்பிற்கு வின்டர்ஹாப் இயற்றிய கருவி உதவும். அது தருவது பக்கங்களையன்று, அடிக்குறிப்புகளோடு கூடிய பழைய மூலவுரையை. உரை எட்டுத்துணுக்குக் குறியேற்றத்தில் இருப்பின், எக்குறியேற்றம் என்று முதலில் உறுதிசெய்து, பின்னரே ஒருங்குறிக்கு மாற்றுதல் வேண்டும். மாற்றுங்கால் கொம்பினைப் பின்னும் மெய்யினை முன்னும் நிறுத்தும் கருவியையே கையாள வேண்டும். மூலக்கோப்பினை எக்காரணத்தாலும் அழித்தல் ஆகாது. மாற்றிய படியில் ஐயம் நேருங்கால் அதுவே சான்று.

கேள்விக்குறிகளாய்ப் போன பொருளடக்கத்தை மீட்பதற்கும் ஒரு வழி உண்டு. பொருளடக்கத்தில் ஒவ்வொரு பதிவும் இரண்டு உறுப்புடையது. தலைப்பின் பெயர் ஒன்று, அது சுட்டும் பக்கத்தின் முகவரி ஒன்று. பெயர் சிதைந்தாலும் முகவரி ஆங்கில எழுத்தில் அமைந்ததாயின் சிதையாது. அம்முகவரி வழியே சென்று, உரைப்பக்கத்தின் தலையிலுள்ள தமிழ்த் தலைப்பைப் படித்து, பொருளடக்கத்தில் நிரப்பிவிடலாம். சொல்லடைவோ இவ்வளவு எளிதன்று. ஒரு பக்கத்தைச் சுட்டும் சொற்கள் பலவாயிருக்கலாம். அவை பக்கத்தலைப்பில் இராமலும் இருக்கலாம். எஞ்சிய சான்று கேள்விக்குறிகளின் எண்ணிக்கை ஒன்றே. ஏடு முறிந்த இடத்தில் சீரையும் தளையையும் கொண்டு விடுபட்ட எழுத்து இத்தனை என்று கணக்கிட்ட பதிப்பாசிரியர் போல, பக்கத்தில் உள்ள சொற்களுள் அவ்வெண்ணிக்கைக்குப் பொருந்துவது எது என்று பார்த்துக்கொள்ளலாம். ஆறு கேள்விக்குறிகளுக்குப் 'புள்ளி' பொருந்தும், பக்கத்தில் வேறு ஆறு குறியீட்டுச் சொல் இல்லையேல். பள்ளியும் கல்வியும் ஒரே பக்கத்தில் வருமாயின், ஐந்து கேள்விக்குறிகள் இவற்றுள் எதனைக் குறித்தன என்று முடிவு செய்ய வழியில்லை. அவ்விடத்தைச் சதுர அடைப்பிட்டு ஐயக்குறியோடு விட்டுவைத்தலே பதிப்பு முறை.